ஆண்டுதோறும் அதே படம்

தீபாவளி நாள் பிற்பகல். காலையில் வந்த விருந்தினர்கள் விடைபெற்றுச் சென்றுவிட்டனர். மேசையில் முறுக்கும் அதிரசமும் மீதமிருக்கின்றன. தாத்தா தொலைக்காட்சியின் முன் வசதியாக அமர்ந்துகொண்டு ‘நவராத்திரி’ படத்தைப் போடச் சொல்கிறார்.

“தாத்தா, போன வருஷமும் இதே படத்தைத்தானே பார்த்தோம்?” என்று பேத்தி சலித்துக்கொள்கிறாள்.

“ஆமாம்மா. சிவாஜி ஒன்பது வேஷத்துல வர்றாரு. போன வருஷம் நீ மூணாவது வேஷத்துலேயே தூங்கிட்ட. மீதி ஆறு பேரு யாருன்னு உனக்குத் தெரிய வேணாமா?” என்று சிரிக்கிறார் தாத்தா.

இதுபோன்ற உரையாடலை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். ‘நவராத்திரி’ 1964ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளன்று தமிழ்நாட்டில் வெளியானது. சிவாஜி கணேசனின் நூறாவது படம் அது. ஒரு படம் வெளிவந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும், அதே விழா நாளில் ஒருவர் அதை விரும்பிப் பார்க்கிறார். இது வெறும் பிடிவாதமா? அல்லது இதில் நாம் அறிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் இருக்கிறதா?

பழைய திரைப்படங்களை நேசிப்பவர்களிடம் சில பழக்கங்கள் உண்டு. வானொலியில் பாடலின் தொடக்க இசையைக் கேட்டவுடனே படத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். நடிகர் வாய் திறக்கும் முன்பே அடுத்த வசனத்தை முணுமுணுப்பார்கள். ஒரே ஒரு காட்சியில் தலைகாட்டிய துணை நடிகரின் பெயரைக்கூட நினைவில் வைத்திருப்பார்கள். திரையரங்குகளில் அக்காலத்தில் விற்கப்பட்ட மெல்லிய பாட்டுப் புத்தகங்களை இன்றும் பத்திரப்படுத்தி வைத்திருப்போர் உளர். விழாக்காலம் வந்துவிட்டால் இவர்களின் ஆர்வம் இரட்டிப்பாகிவிடும். விடுமுறை கிடைக்கிறது, குடும்பத்தினர் அனைவரும் வீட்டில் கூடியிருக்கிறார்கள். தாம் விரும்பும் படத்தைப் பிறருக்கும் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை அல்லவா?

முடிவு தெரிந்த கதையை மீண்டும் பார்ப்பதில் என்ன சுவை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு படத்தை முதன்முறை பார்க்கும்போது, அடுத்து என்ன நடக்கும் என்பதிலேயே நம் கவனம் செல்கிறது. கதை தெரிந்த பிறகு பார்க்கும்போதுதான் நடிகரின் முகத்தில் தோன்றும் சிறு மாற்றம், பின்னணி இசை, ஒளியமைப்பு, அக்காலத்து உடை, தெரு, வாகனம் ஆகியவை கண்ணில் படுகின்றன. நமக்குப் பிடித்த பாடலை நூறு முறை கேட்பதைப் போன்றதே இது.

ஆயினும், ஒரு படம் பழையதாகிவிட்டால் மட்டும் காலத்தை வென்றதாகிவிடுமா? இதைப் புரிந்துகொள்ள, அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் காலத்தில் பலர் தவறாமல் பார்க்கும் ஒரு படத்தின் வரலாறு நமக்கு உதவும்.

அப்படத்தின் பெயர் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. ‘இது ஓர் அற்புதமான வாழ்க்கை’ என்பது அதன் பொருள். அதன் தொடக்கம் ஒரு சிறுகதை. பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற எழுத்தாளர் அக்கதையை எழுதினார். அதை வெளியிடப் பதிப்பாளர் எவரும் முன்வரவில்லை. எனவே, அவர் 1943ஆம் ஆண்டில் அதை 200 படிகள் அச்சிட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். அந்தச் சிறு வாழ்த்துப் புத்தகம் ஹாலிவுட் வரை சென்றது. இயக்குநர் ஃபிராங்க் காப்ரா அக்கதையைத் திரைப்படமாக எடுத்தார். இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றித் திரும்பிய ஜேம்ஸ் ஸ்டுவர்ட், போருக்குப் பின் நடித்த முதல் படம் இதுவே.

ஜார்ஜ் பெய்லி என்பவன் கதையின் நாயகன். உலகைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவனது கனவு. ஆனால், தந்தை இறந்தபின் அவர் நடத்திய சிறு கடனுதவி நிறுவனத்தை அவன் ஏற்று நடத்த வேண்டியதாகிறது. அந்நிறுவனத்தின் துணையால் ஏழைக் குடும்பங்கள் பல சொந்த வீடு கட்டிக்கொள்கின்றன. ஜார்ஜ் மட்டும் தன் சிற்றூரைவிட்டு வெளியே செல்ல முடிவதில்லை. ஒரு கிறிஸ்துமஸ் தினத்துக்கு முந்தைய நாள், நிறுவனத்தின் 8,000 டாலர் காணாமற்போகிறது. தன் வாழ்வே வீண் என்று மனமுடைந்து நிற்கும் அவனுக்கு, ஒரு தேவதூதர் வியப்பான காட்சி ஒன்றைக் காட்டுகிறார். அவன் பிறக்காமலே இருந்திருந்தால் அந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்பதே அக்காட்சி. அவன் செய்த சிறு சிறு உதவிகள் எத்தனை பேரின் வாழ்வைத் தாங்கி நின்றன என்பதை அப்போதுதான் அவன் உணர்கிறான்.

படத்தின் பல காட்சிகளில் பனி கொட்டுகிறது. ஆனால், அதன் பெரும்பகுதி 1946ஆம் ஆண்டின் கோடை வெயிலில் கலிஃபோர்னியாவில் படமாக்கப்பட்டது! அதற்கு முன், திரைப்படங்களில் பனியைக் காட்டுவதற்கு வெள்ளைச் சாயம் பூசிய சோளச் செதில்களைத் தூவுவது வழக்கம். நடிகர்கள் அவற்றின்மேல் நடந்தால் நொறுங்கும் ஓசை எழும். அதனால், அவர்கள் பேசும் வசனத்தைப் படப்பிடிப்பின்போதே பதிவுசெய்ய இயலாது. இக்குறையைப் போக்க, தீயணைப்பதற்குப் பயன்படும் நுரையோடு சோப்பையும் நீரையும் கலந்து, காற்றாடிகளின் உதவியால் ஓசையற்ற செயற்கைப் பனியை உருவாக்கினர். இப்புதுமைக்காக அவர்களுக்குப் பின்னர் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. இத்தகைய செய்திகளைத் தேடி அறிவதும் பழம்பட ரசிகர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி தரும். படத்தை மறுமுறை பார்க்கும்போது, குளிரில் நடுங்குவதாக நடிக்கும் ஒருவரின் நெற்றியில் வியர்வை தெரிகிறதா என்று அவர்கள் உற்றுப் பார்ப்பார்கள்.

இத்தனை உழைப்பும் உடனே பலன் தரவில்லை. படம் 1946ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. ஐந்து ஆஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அவற்றுள் ஒன்றையும் அது வெல்லவில்லை. செலவழித்த பணத்தைக்கூட முதல் வெளியீட்டில் ஈட்டவில்லை. காலப்போக்கில் அதைப் பற்றிய பேச்சும் குறைந்தது.

பிறகு அப்படம் எவ்வாறு புகழ்பெற்றது? ஒரு கவனக்குறைவுதான் அதற்கு வழிவகுத்தது. அக்கால அமெரிக்கச் சட்டப்படி, ஒரு படத்தின் பதிப்புரிமையை 28 ஆண்டுகளுக்குப் பின் புதுப்பிக்க வேண்டும். 1974ஆம் ஆண்டில் அதைப் புதுப்பிக்க உரிமையாளர்கள் தவறிவிட்டனர். அதனால், தொலைக்காட்சி நிலையங்கள் கட்டணம் செலுத்தாமலேயே படத்தை ஒளிபரப்ப முடிந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் செலவின்றி ஒளிபரப்ப, கிறிஸ்துமஸ் கதை கொண்ட ஒரு படம் கிடைத்தால் விடுவார்களா? ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் பல நிலையங்கள் அதனை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. பெற்றோர் பார்த்தனர், அவர்களோடு பிள்ளைகளும் பார்த்தனர். அப்பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளுக்கும் அப்படத்தைக் காட்டினர். 1990களில் உரிமையாளர்கள், படத்துக்கு அடிப்படையான சிறுகதையின் மீதும் இசையின் மீதும் தங்களுக்கிருந்த உரிமையைக் காட்டி, ஒளிபரப்பைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர். ஆனால், அதற்குள் அப்படம் மக்களின் விழாக்கால வழக்கமாகவே மாறிவிட்டிருந்தது. 1990ஆம் ஆண்டில், பாதுகாக்கப்பட வேண்டிய படங்களுக்கான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் ஓர் உண்மையை அறிகிறோம். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பும் பின்பும் படம் ஒன்றுதான். அதில் ஒரு காட்சிகூட மாறவில்லை. மாறியது அதைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையே. நல்ல படம் என்பதை அதை எடுத்தவர்கள் உருவாக்குகிறார்கள். காலத்தை வென்ற படம் என்னும் தகுதியை அதற்கு வழங்குவோர், அதை மீண்டும் மீண்டும் பார்த்து அடுத்த தலைமுறைக்கு அறிமுகப்படுத்தும் ரசிகர்களே.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. நோன்புப் பெருநாள் விடுமுறையில் தொலைக்காட்சியில் பி. ரம்லியின் படங்கள் ஒளியேறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் 1929ஆம் ஆண்டு பிறந்த அவர் நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் எனப் பல துறைகளில் சிறந்து விளங்கினார். சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸில் இருந்த படப்பிடிப்புத் தளத்தில் அவருடைய புகழ்பெற்ற படங்கள் உருவாயின. அங்கு இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள் பலர் பணியாற்றினர். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர். 1950ஆம் ஆண்டு வெளிவந்த ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தில் பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக நடிக்க வைத்தவர் அவரே.

பி. ரம்லியின் இறுதிக்காலப் படங்கள் முன்புபோல் வரவேற்பைப் பெறவில்லை. அவர் 1973ஆம் ஆண்டு தமது 44ஆம் வயதில் கோலாலம்பூரில் காலமானார். ஆனால், தொலைக்காட்சி அவருடைய படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அவர் மறைந்த பின்னர்ப் பிறந்தவர்களும் ‘பூஜாங் லாப்போக்’ படங்களின் நகைச்சுவையை இன்று மனப்பாடமாகச் சொல்கிறார்கள். மலாய்க்காரர் மட்டுமின்றிச் சீனரும் தமிழரும் ஒன்றாகச் சிரிக்கும் படங்கள் அவை.

எல்லாப் படங்களுக்கும் இந்த நற்பேறு கிடைப்பதில்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று அதன் படச்சுருள் எங்கும் கிடைக்கவில்லை. 1957ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தயாரிக்கப்பட்ட ‘பொந்தியானாக்’ என்ற மலாய்த் திகில் படம் பல வாரங்கள் ஓடி வெற்றி பெற்றது. அதன் படச்சுருளும் இன்றில்லை. மக்கள் திரண்டு சென்று பார்த்த படமாயினும், பாதுகாப்பார் இல்லையென்றால் அழிந்துவிடும் என்பதை இது காட்டுகிறது.

படங்கள் அழிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. தொடக்ககாலப் படச்சுருள்கள் எளிதில் தீப்பற்றும் வேதிப்பொருளால் செய்யப்பட்டவை. பின்னர் வந்த சுருள்களும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சிதைந்து, புளிக்காடி போன்ற வாடையுடன் சுருங்கிவிடும். நம் தட்பவெப்பநிலை அவற்றுக்குப் பகையே. மேலும், பழைய சுருள்களில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அவற்றை அழித்தவர்களும் உண்டு. ஓடி முடிந்த படத்துக்கு இனி என்ன மதிப்பு என்று அக்காலத்தில் பலர் எண்ணியதே இதற்குக் காரணம்.

இதற்கு மாறாக, தப்பிப் பிழைத்த படங்களும் உள்ளன. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்து, சென்னையின் பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்படத்தை இன்றும் நாம் பார்க்க முடிகிறது. ஒரு படம் நிலைத்திருக்க இரண்டு செயல்கள் தேவை. ஒன்று, அதன் சுருளைக் காத்தல்; அதைத் திரைப்படக் காப்பகங்கள் செய்கின்றன. இந்தியாவில் புனே நகரில் 1964ஆம் ஆண்டு முதல் தேசியத் திரைப்படக் காப்பகம் செயல்பட்டுவருகிறது. சிங்கப்பூரில் ஆசியத் திரைப்படக் காப்பகம் பழைய மலாய்ப் படங்கள் பலவற்றைப் பாதுகாத்துவருகிறது. மற்றொன்று, அதைத் தொடர்ந்து பார்த்தல். குளிரூட்டப்பட்ட அறையில் பூட்டிவைக்கப்பட்ட சுருளை எவரும் பார்க்கவில்லையென்றால், அது இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். இந்த இரண்டாம் செயலை எந்தக் காப்பகத்தாலும் தனியாகச் செய்ய முடியாது. அதைச் செய்வோர் தீபாவளிப் பிற்பகலில் தொலைக்காட்சியின் முன் அமரும் தாத்தா பாட்டிகளே.

மாணவர்களே, அடுத்த விழா விடுமுறையில் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரு பழைய படத்தைப் போட்டால், கைப்பேசியைச் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு அவர் அருகில் அமர்ந்து பாருங்கள். “இந்தப் படத்தை முதல்முதலா எங்க பார்த்தீங்க? யாரோடு போனீங்க? அப்போ டிக்கெட் என்ன விலை?” என்று கேட்டுப் பாருங்கள். இன்று இல்லாத ஒரு திரையரங்கைப் பற்றியும், தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய இரவைப் பற்றியும் அவர் சொல்லக்கூடும். படத்தின் சுருள் ஏதேனும் ஒரு காப்பகத்தில் இருக்கலாம். ஆனால், அந்த நினைவுகள் அவரிடம் மட்டுமே இருக்கின்றன. நாம் கேட்காவிட்டால் அவை அவரோடு மறைந்துவிடும்.

நாம் தொடக்கத்தில் கண்ட பேத்தியும் இவ்வாண்டு தாத்தாவின் அருகில் அமர்ந்து படம் பார்க்கிறாள். மூன்றாவது வேடம் முடிந்து நான்காவது வேடம் வருகிறது. அவள் இன்னும் தூங்கவில்லை.

“தாத்தா, இவரும் சிவாஜியா?” என்று வியப்புடன் கேட்கிறாள்.

தாத்தா பதில் சொல்லவில்லை. முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்துகிறார்.