உங்களுக்குத் தெரியுமா? சேர்ந்து துடுப்புப் போட்டால் வலி தெரியாது!

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகோட்ட வீரர்கள் 12 பேரை, துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் 45 நிமிடம் உழைக்கவைத்தார்கள் ஆய்வாளர்கள். சில நாள் தனியாக, சில நாள் குழுவாக. பயிற்சி முடிந்ததும், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றி, ‘வலிக்கிறது’ என்று சொல்லும்வரை காற்றேற்றினார்கள்.

உழைப்பு இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால், பயிற்சிக்குப் பின் வலி தாங்கும் திறன் கூடியது, தனியாகச் செய்ததைவிடக் குழுவாகச் செய்தபோது ஏறக்குறைய இரு மடங்கு! ஒரே தாளத்தில் பலர் சேர்ந்து அசையும்போது, ‘எண்டார்ஃபின்’ என்ற இயற்கை வலி நிவாரணி உடலில் கூடுதலாகச் சுரப்பது காரணமாக இருக்கலாம் என்பது 2009-இல் வெளியான அந்த ஆய்வின் கணிப்பு.

நாளைக் காலை நடைப்பயிற்சிக்கு அடுத்த வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்!