எலும்பு வலியும் மார்ஃபின் பயமும்

மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிய பிறகு, அத்தை வலி மாத்திரையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். "இப்பவே போட்டுட்டா ராத்திரிக்கு என்ன பண்றது? முடியாதப்போ போட்டுக்கறேன்" என்பார். டாக்டர் மார்ஃபின் எழுதியதும் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அது கடைசியில குடுக்கிறதுதானே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகப் படித்து எடுத்த குறிப்புகள் இவை.

முதலில், ஏன் இவ்வளவு வலி? எலும்பு எப்போதும் கரைந்து, புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் உறுப்பு. பரவிய புற்றுநோய் செல்கள், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு பலவீனமாகிறது, அதைச் சுற்றியுள்ள நரம்புகள் உறுத்தப்படுகின்றன. அதனால்தான் படுத்திருக்கும்போது மந்தமாக இருக்கும் வலி, எழுந்து நின்றதும் சுரீர்னு இழுக்கிறது.

அத்தை செய்த தவறு, வலி வந்த பிறகு மாத்திரை தேடியது. ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்து வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986லேயே சொன்ன வழி, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் பொதுவாக 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுவில் வலி எகிறினால் போட்டுக்கொள்ள தனியாக ஒரு டோஸும் எழுதித் தருவார்கள்.

மாமாவின் கேள்விக்குப் பதில்: இல்லை. மார்ஃபின் கொடுப்பது வலியின் அளவைப் பார்த்து. மிச்சமிருக்கும் நாட்களைப் பார்த்து அல்ல. சிறிய அளவில் ஆரம்பித்து, டாக்டர் மேற்பார்வையில் கூட்டினால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. உடம்பு மருந்துக்குப் பழகும், அதனால் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆனால் அது போதைக்கு அடிமையாவது அல்ல. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாட்களில் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை மட்டும்தானா? இல்லை. வலிக்கும் இடத்துக்கு ஒரே ஒருமுறை 8 கிரே கதிர்வீச்சு கொடுத்தாலே, பல நாள் கொடுப்பதற்கு இணையாக வலி குறைகிறது. சிலருக்குப் பிறகு மறுபடி தேவைப்படலாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள் வலி கூடினால் பயப்பட வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும். எலும்பு கரைவதைத் தடுக்க ஜோலெட்ரானிக் அமில ஊசி இருக்கிறது. அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துவிடுவது முக்கியம், தாடை எலும்பு பாதிக்கப்படும் ஆபத்து உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முதுகுவலி புதிதாகக் கூடி, கால் பலவீனமாகி, மரத்துப்போய், சிறுநீர் போவதில் சிக்கல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம்னு விட்டால் நடையே போய்விடக்கூடும்.

இதையெல்லாம் மாமாவுக்கு விளக்கியபின், மாத்திரை நேரங்களைக் காலண்டரில் எழுதி ஒட்டினார். பத்து நாள் கழித்து நான் போனபோது அத்தை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இத முன்னாடியே போட்டிருக்கலாம்டா" என்றார்.