உயிர்ப்படலத்தை அளக்கும் மென்பொருள்கள்

தேக்கா சந்தையை ஒட்டிய பூக்கடையில், பூச்சரங்களுக்கு நீர் தெளிக்க வைத்திருக்கும் வாளியின் உட்சுவரைத் தடவினால் விரலில் வழுவழுப்பு ஒட்டும். நுண்ணுயிர்கள் தாமே சுரந்த பசைக்குள் கூடிவாழும் குடியிருப்பு அது. தமிழில் உயிர்ப்படலம் என்கிறோம். வாளியைத் தேய்த்துக் கழுவிவிடலாம். நியூவாட்டர் ஆலையின் சவ்வுகளில் அது படிந்தாலோ நீரைத் தள்ளக் கூடுதல் அழுத்தமும் மின்சாரமும் வேண்டும். 2003 முதல் அந்நீரைப் பயன்படுத்தும் நகருக்கு இது சிறு செய்தியன்று. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு, உயிர்ப்படலங்களை ஆராயும் மையம் ஒன்று 2011இல் தொடங்கப்பெற்றது.

கன்ஃபோகல் நுண்ணோக்கி படலத்தை அடுக்கடுக்காகப் படம்பிடிக்கும். அப்படங்களை எண்களாக்குவது மென்பொருளின் பணி. 2000இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட காம்ஸ்டாட், பரப்பலகுக்கு உரிய உயிர்ப்பொருளின் கனஅளவு, சராசரித் தடிமன், மேற்பரப்பின் கரடுமுரடு முதலியவற்றைக் கணக்கிடும். அதற்குமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: எவ்வளவு ஒளிரும் புள்ளி உயிர்ப்பொருள்? இந்த எல்லை மதிப்பைத் தாழ்த்தினால் பின்னணி ஒளியும் உயிராகிவிடும். உயர்த்தினால் படலத்தின் மெலிந்த ஓரங்கள் மறையும். ஒரே படத்துக்கு இரண்டு தடிமன்கள் கிடைக்கும். மொழியியலாளனுக்கு இது பழகிய இடர்ப்பாடு. 'வந்துகொண்டிருந்தான்' ஒரு சொல்லா இரண்டா என்று முடிவுசெய்யாமல் தொகுப்புரையின் சொற்களை எண்ணப் புகுந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

2021இல் வெளிவந்த பயோஃபில்ம்கியூ படலத்தைச் சிறு கனசதுரங்களாகப் பகுத்து, ஒவ்வோரிடத்தின் பண்பையும் தனித்தனியே அளக்கிறது. விளிம்பும் நடுவும் வேறுபடுவது சராசரியில் புதைந்துபோவதில்லை. இலவசமாகக் கிடைப்பதால் மாணவரும் பயன்படுத்தலாம்.

ஆனால் அளந்ததைப் பதிந்துவைப்பதுதான் கடினமானது. போர்ச்சுகலின் மின்யோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய பயோஃபோமிக்ஸ் தரவுத்தளம், ஆய்வு விவரங்களை ஒரே ஒழுங்கில் பதியச் செய்யும் முயற்சி. நுண்ணுயிரின் வகை, வளர்ந்த பரப்பு, ஊட்டநீர், வெப்பநிலை, காலம் ஆகியவற்றுள் ஒன்று விடுபட்டாலும் வேறோர் ஆய்வகத்தின் எண்ணோடு அதனை ஒப்பிடுவது ஐயத்துக்கு இடமாகும். கலைச்சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. உயிர்ப்படலம் என்றும் உயிரிப்படலம் என்றும் மாறிமாறி எழுதினால், ஒன்றைத் தேடுபவர் மற்றதைக் காணார். பள்ளி ஆய்வேட்டில் தடிமனைக் குறிக்கும் மாணவர், அதன் பக்கத்திலேயே எல்லை மதிப்பையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதிவைக்கட்டும். ஆசிரியர் அவ்விரண்டுக்கும் மதிப்பெண் ஒதுக்கலாம்.