ஐந்து விரலும் ஒன்றாகுமா?



"இவனுக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது" என்ற பேச்சை நாம் எல்லாருமே கேட்டிருப்போம். கோளாறு மண்டையிலா, சொல்லித் தரும் வழியிலா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

குழந்தை மையக் கல்வி என்றால் என்ன?

எல்லாரும் ஒரே பக்கத்தைத் திறந்து ஒரே வேகத்தில் படிப்பது பழைய முறை. ஒரு குழந்தை எந்தப் படியில் நிற்கிறதோ, அங்கிருந்து அடுத்த படிக்குக் கூட்டிப் போவது குழந்தை மையக் கல்வி.

எங்கிருந்து வந்தது?

இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி, முதலில் அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். தொட்டும் தூக்கியும் அடுக்கியும் பழகியபோது அவர்களும் படித்தார்கள். அதே முறையில் 1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1939-ல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

தமிழ்நாட்டில் 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் முறைதான் அதற்கு வழிகாட்டி. பாடங்கள் அட்டைகளாக மாறின. அட்டைகளின் வரிசை ஏணிப்படி ஆனது. குழந்தைகள் எழுத, தரையை ஒட்டித் தாழ்வான கரும்பலகை வந்தது. 2007-08-ல் இது மாநிலம் முழுவதும் பரவியது. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள்.

யாருக்கு எப்படி உதவுகிறது?

எங்கள் பள்ளி நடுநிலைப் பள்ளி. நான் எட்டாம் வகுப்பு. டீச்சருக்கு வேறு வேலை இருந்தால், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள எங்களை அனுப்புவார்கள். அங்கே நான் கவனித்தவை:

1. எழுத்து குழம்பும் பிள்ளை: "கொ" என்று எழுதிப் பாருங்க. முதலில் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். வாயில் முதலில் வருவதோ 'க்'. கண்ணுக்கு ஒரு வரிசை, வாய்க்கு ஒரு வரிசை! சிலருக்கு இது பெரிய குழப்பம். மணலில் விரலால் எழுதிக்கொண்டே சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடுகிறது. இப்படிப்பட்ட சிரமம் மிக அதிகமாக இருந்தால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது மக்குத்தனம் இல்லை.

2. காது சரியாகக் கேட்காத பிள்ளை: வரிசையில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர் பிடரிதான் தெரியும். வட்டமாக உட்கார்ந்தால் பேசுபவர் முகமும் உதடும் தெரியும்.

3. ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை: அட்டை எடுக்க, வைக்க, பலகையில் எழுத என்று எழுந்து நடக்க வேலை இருக்கிறது. திட்டு குறைகிறது.

4. வராமல் இருந்துவிட்டு வரும் பிள்ளை: அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டு இரண்டு மாதம் கழித்து வந்தாலும், விட்ட படியில் இருந்தே ஏறலாம். இல்லாவிட்டால் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்து, ஒரு நாள் நின்றே விடும்.

5. வேகமாகப் படிக்கும் பிள்ளை: மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுத்தால் தனக்கும் நன்றாகப் பதியும்.

சிக்கல் இல்லையா?

இருக்கிறது. "இது வகுப்பா, சந்தைக்கடையா?" என்று கேட்கும் அளவுக்குச் சத்தம் வரும். ஒரே டீச்சர் மூன்று வகுப்பைப் பார்த்தால் எல்லாரையும் கவனிக்க முடியாது. அட்டையை மட்டும் கையில் கொடுத்துவிட்டால் பாடம் வந்துவிடாது.

இன்னொரு சிக்கல் நம்மால் வருவது. இன்டர்வெல்லில் "போடா அரும்பு!" என்று கேலி செய்வதை நான் கேட்டிருக்கிறேன். மக்கு என்ற சொல்லுக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டோம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அடுத்த நாள் அட்டையைத் தொடவே கூச்சப்படுகிறது. டீச்சர் ஒரு மாதம் செய்த வேலையை நாம் ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடுகிறோம்.

எனவே நண்பர்களே, தம்பி தங்கைகள் எழுத்துக்கூட்டிப் படித்தால் சிரிக்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அட்டை முடிக்க உதவுங்க. அரும்பு என்பது ஏறிப் போக வேண்டிய படி. அதைப் பட்டப்பெயர் ஆக்க வேண்டாமே!

— எட்டாம் வகுப்பு மாணவி