51 வயதில் வேலை போச்சு... தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்த அப்பா!

"இப்ப எங்க இருக்கீங்க?"

கல்யாண வீட்டுப் பந்தியில் யாரும் யாரையும் கேட்கும் கேள்விதான். ஆனால், வேலை இழந்த ஒருவருக்கு இதைவிடக் கஷ்டமான கேள்வி கிடையாது. இந்த ஒரு கேள்விக்குப் பயந்து, சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கே போகாமல் வீட்டில் படுத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் அப்பா.

மதுரையில் ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரிவில் 22 வருடங்கள் இருந்தவர். சாதாரண சேல்ஸ் ரெப்பாகச் சேர்ந்து ஏரியா மேனேஜர் வரை வந்தவர். ஒருநாள் இரண்டு ஏரியாக்களை ஒன்றாக்கினார்கள். மேனேஜர் ஒருவர் போதும் என்றார்கள். இன்னொரு மேனேஜருக்கு வயது 34. அப்பாவுக்கு 51. முடிவு என்னவாக இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதை எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதிக்க பாப்பா. என் பேரும் வேணாம், கம்பெனி பேரும் வேணாம். ஆனா நடந்தத நடந்தபடி எழுது. வாக்கிங் போனேன், எல்லாம் சரியாப் போச்சுன்னு மட்டும் எழுதிராத" என்றார்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

முதலில் தொலைந்தது காலை நேரம்

வேலை போனால் சம்பளம் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே நின்றுபோனது அப்பாவின் காலை. 5.30-க்கு எழுந்து, ஷேவ் செய்து, சட்டையை அயர்ன் பண்ணி, 8 மணிக்கு வண்டியை எடுப்பவர். முதல் வாரம் 7 மணிக்கு எழுந்தார். இரண்டாவது மாதம் 9 மணி ஆனது. அதன்பிறகு எழுந்ததும் நேராக டி.வி முன்னால் உட்கார ஆரம்பித்தார்.

அவருடைய போன் நம்பர் கம்பெனி கொடுத்தது. வேலையோடு அந்த சிம்மையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நாளுக்கு 40 முறை அழைத்த டீலர்களிடம் இருந்த நம்பர் அது. புது நம்பருக்கு யார் கூப்பிடுவார்கள்? வீட்டில் போன் சத்தமே இல்லாமல் போனது.

ஆறு இன்டர்வியூக்களுக்குப் போனார். "உங்க எக்ஸ்பீரியன்ஸுக்கு எங்க பட்ஜெட் பத்தாது சார்" என்று மரியாதையாக அனுப்பினார்கள். ஓர் இடத்தில் கேள்வி கேட்டவருக்கு என் வயதுதான் இருக்குமாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்த அன்று, பேங்குக்குப் போக அப்பா எழுந்திருக்கவே இல்லை. நான்தான் போய் அடகு வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சில வாரங்களில் பாதம் மரத்துப்போகிறது என்றார். டெஸ்ட் எடுத்தோம். மூன்று மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் ஹெச்பிஏ1சி, 9.2 என்று வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரை நான் எழுதித் தர்றேன் சார். நடக்கிறது உங்க வேலை. நாளைக்கே ஆரம்பிங்க" என்றார்.

'உங்க வேலை' என்று ஐந்து மாதங்களாக அப்பாவிடம் யாரும் சொன்னதில்லை.

அரைச் சுற்று

மதுரைக்காரர்களுக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் மண்டபம், சுற்றிலும் கல் சுவர். விடிவதற்கு முன்பே வாக்கிங் கூட்டம் வந்துவிடும். ஒரு சுற்று, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம்.

முதல் நாள் அப்பாவால் அரைச் சுற்றுதான் முடிந்தது. வேர்த்து விறுவிறுத்து சுவரில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அதே அரைச் சுற்று. நாலாவது நாள் பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். ரிட்டயர்டு பி.டி மாஸ்டர். "தம்பி, ஆபீஸ் ஷூவுல நடக்குறீங்களே, முட்டி போயிரும்" என்றார். அப்பா குனிந்து பார்த்திருக்கிறார். பழக்கதோஷத்தில் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அந்த மாஸ்டரோடு சேர்ந்து ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று நடை கூடியது. பிறகு ஏழாவது இன்டர்வியூவும் கைவிட்டுப்போனது. 11 நாள்கள் அப்பா படுக்கையை விட்டு எழவில்லை. 12-வது நாள் கூச்சத்தோடு போய் நின்றவரிடம் மாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "விட்டத எல்லாம் சேர்த்து நடக்கணும்னு நினைக்காதீங்க தம்பி. இன்னிக்கு உள்ளத நடங்க" என்று மட்டும் சொன்னாராம். வேலை விஷயத்திலும் தனக்கு அந்த ஒரு வார்த்தைதான் கைகொடுத்தது என்கிறார் அப்பா.

'எங்க செட்டு ஹீரோ'

அப்பா வீட்டில் பெருமையாகச் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. அரவிந்த்சாமி. "எங்க செட்டு ஹீரோ" என்பார். 1991-ல் 'தளபதி', 1992-ல் 'ரோஜா', 1995-ல் 'பம்பாய்' என்று உச்சத்தில் இருந்தவர். 2000-க்குப் பிறகு சினிமாவிலிருந்து ஒதுங்கி பிசினஸில் இறங்கினார். 2005-ல் நேர்ந்த விபத்தில் முதுகில் பலத்த அடி. காலில் ஓரளவு செயலிழப்பு. சிகிச்சையிலேயே சில ஆண்டுகள் போயின. உடல் எடையும் கூடிப்போனது.

'கடல்' படத்துக்காக மணிரத்னம் அழைத்தபோது, உடற்பயிற்சி செய்து எடையைக் குறைத்து நடிக்க வந்தார். 2013-ல் படம் வெளியானபோது அவருக்கு வயது 42. ஆனால், 'கடல்' வெற்றி பெறவில்லை. பெரிய வெற்றிக்கு 2015-ல் 'தனி ஒருவன்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சித்தார்த் அபிமன்யுவாக அவர் திரையில் நடந்து வந்ததைப் பார்த்துதான் என் வயதுக்காரர்கள் அவருக்கு ரசிகர்கள் ஆனோம்.

இதில் கவனிக்க வேண்டியது எடை குறைந்ததை மட்டுமல்ல. உடம்பைத் தேற்றிக்கொண்டு வந்த பிறகும் முதல் வாய்ப்பு கைகொடுக்கவில்லை. அடுத்த வாய்ப்பு வந்தபோது அவர் தயாராக இருந்தார்.

அரசியலிலும் ஓர் உதாரணம் உண்டு. சென்னை மேயராக இருந்த மா.சுப்பிரமணியன், 2011 மேயர் தேர்தலில் தோற்றார். ஏற்கெனவே விபத்தில் முழங்காலில் அடிபட்டவர், சர்க்கரைநோயும் உண்டு. 50 வயதைக் கடந்த பிறகு ஓட ஆரம்பித்து, 21 கிலோமீட்டர் அரை மாரத்தான்களை 100-க்கும் மேல் ஓடி முடித்தார். 2021-ல் தமிழகத்தின் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானார்.

ஓடினால் பதவி வரும் என்று சொல்ல வரவில்லை. தோல்விக்குப் பிறகும் உடம்பு நம் கையில்தான் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

உடம்பு அசைந்தால் மனசு ஏன் மாறுகிறது?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வு நோய் உள்ள 156 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி, ஒரு குழுவுக்கு மாத்திரை, மூன்றாவது குழுவுக்கு இரண்டும். மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆரம்பத்தில் வேகமாகப் பலன் தெரிந்தது. ஆனால், 16 வாரங்கள் முடிந்தபோது மூன்று குழுக்களிலும் முன்னேற்றம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அந்த முடிவை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

சர்க்கரை விஷயத்துக்கு வருவோம். நடக்கும்போது தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன. அதனால்தான் சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடங்கள் நடந்தால்கூட சர்க்கரை அளவு சட்டென ஏறுவது குறைகிறது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு சர்க்கரைநோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு சொல்கிறது. நம்மில் பலருக்கும் இது வீட்டுப் பிரச்னைதான்.

தசை விஷயமும் முக்கியம். 30 வயதுக்கு மேல், பயிற்சி இல்லாவிட்டால் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும். 'வயசாயிருச்சு' என்று நாம் சொல்வதில் பாதி, உட்கார்ந்தே இருந்ததால் வந்தது.

ஜிம்முக்குப் பணம் இல்லையா?

வேலை இல்லாத நேரத்தில் ஒரு வருட ஜிம் கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டாம். செலவே இல்லாமல் ஆரம்பிக்கலாம். மாஸ்டர் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும், டாக்டர் சொன்னதும் இவை:

* 40 வயதைத் தாண்டியவர்கள் முதலில் ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதயநோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். நடக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* முதல் வாரம் 10 நிமிட நடை போதும். வாரத்துக்கு வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை மணி நேரம் வீதம் ஐந்து நாள்கள் நடந்தாலே 150 வந்துவிடும்.

* வேகம் எவ்வளவு? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

* வாரத்தில் இரண்டு நாள்கள் தசைக்கான பயிற்சி அவசியம். நாற்காலியில் கையை ஊன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுவது, சுவரில் கையை வைத்துச் செய்யும் புஷ்-அப், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, எல்லாமே பயிற்சிதான்.

* சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

* துணைக்கு ஓர் ஆளைப் பிடியுங்கள். 'நாளைக்குப் பார்ப்போம்' என்று சொல்ல ஒருவர் இருந்தால் நாளைக்கு எழுந்திருப்போம்.

எழுந்திருக்கவே மனமில்லை, தூக்கமே வரவில்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்று தோன்றுகிறதா? வாக்கிங் மட்டும் போதாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்து, தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

நாங்கள் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் தினமும் சாயங்காலம், "ஏதாவது வேலை கிடைச்சுதாப்பா?" என்று கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். ஆனால், அவருக்கு அது தினமும் ஒரு பரீட்சை. அம்மாதான் அதை மாற்றினார். "இன்னிக்கு எத்தன சுத்து?" என்று கேட்க ஆரம்பித்தார். அப்பாவிடம் பதில் இருந்த கேள்வி அது. காலண்டர் தாளில் அம்மா அந்த எண்ணை எழுதி வைப்பார். ஒன்று, ஒன்றரை, இரண்டு... ஒருநாள் ஐந்து என்று எழுதியபோது, பேனாவை அப்பாவே வாங்கி எழுதினார்.

கடைசியில் வேலை கிடைத்ததா?

கிடைத்தது. பழைய வேலை மாதிரி இல்லை. தெப்பக்குளத்தில் கூடவே நடப்பவர்களில் ஒருவர் கீழமாசி வீதியில் மொத்த வியாபாரக் கடை வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டு ஊர்களில் எந்தக் கடைக்காரர் எப்போது பணம் கொடுப்பார் என்பது வரை அப்பாவுக்கு அத்துப்படி என்பது பேச்சுவாக்கில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "கடைக்கு வாங்கண்ணே, பேசுவோம்" என்றார். சம்பளம் பழையதில் பாதிக்கும் குறைவு. மேனேஜர் என்ற போர்டு இல்லை. அம்மாவின் வளையல் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. மாத்திரையும் தொடர்கிறது. ஹெச்பிஏ1சி மட்டும் 7.1-க்கு இறங்கியிருக்கிறது.

"நடந்ததாலதான் வேலை கிடைச்சுதாப்பா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்படிச் சொல்ல முடியாது பாப்பா. ஆனா, அவர் கூப்பிட்ட அன்னிக்கு நான் கட்டில்ல இல்ல. அவ்வளவுதான்."

போன மாதம் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குக் குடும்பத்தோடு போனோம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் அதே கேள்வியைக் கேட்டார். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்பா ரசத்தைக் கலந்துகொண்டே சொன்னார், "காலைல ஆறு மணிக்கு வந்தீங்கன்னா தெப்பக்குளத்துல இருப்பேன். பத்து மணிக்கு மேல கீழமாசி வீதி. எப்ப வேணா வாங்க."