வீட்டு வன்முறை: புதுக்கடை நீதிமன்றம் வரையிலான வழி

இலங்கைச் சட்டத்தின் பார்வையில் வீட்டு வன்முறை குடும்பத்தின் உள்விவகாரம் ஆகாது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இரண்டு வகைச் செயல்களை இந்தப் பெயருக்குள் கொண்டுவருகிறது. முதலாவது, தண்டனைச் சட்டக்கோவையின் 16ஆம் அத்தியாயத்தில் வரும் உடலுக்கு எதிரான குற்றங்கள். காயப்படுத்துவது, கடுங்காயம் விளைவிப்பது, அறையில் பூட்டி வைப்பது, பாலியல் வன்முறை எல்லாம் இதில் அடங்கும். மிரட்டிப் பணம் பறிப்பதும் அச்சுறுத்துவதும் இவற்றோடு சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டாவது, உளரீதியான துன்புறுத்தல். ஒருவரை மீண்டும் மீண்டும் இழிவுபடுத்தி, மனிதராகவே மதிக்காமல் கடுமையாக நடத்துவது இது. கோபத்தில் ஒருநாள் வாய்தவறி வந்த வார்த்தையைச் சட்டம் இப்படிக் கருதாது. நாள்தோறும் தொடரும் வதையையே கருதும்.

கணவன் மட்டும்தான் இதில் குற்றம் சாட்டப்படலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சட்டம் அதைவிட அகலமானது. முன்னாள் கணவன் அல்லது மனைவி, திருமணமின்றிச் சேர்ந்து வாழ்பவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரும், துணையின் பெற்றோரும் இதற்குள் வருவார்கள். ஆகவே மாமியாரின் கொடுமைக்கு ஆளான மருமகளும், குடித்துவிட்டு வரும் மகனிடம் அடிவாங்கும் தாயும் இதே சட்டத்தின் கீழ் நிவாரணம் கேட்கலாம். ஆண்களும் கேட்கலாம். மதமும் திருமணச் சட்டமும் இதற்குத் தடையில்லை. காதி நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கு நடக்கும் முஸ்லிம் பெண்ணுக்கும் நீதவான் நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கிறது.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வு இந்த நாட்டின் நிலையை நேராகக் காட்டியது. துணையோடு வாழ்ந்த அனுபவமுள்ள பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது ஐந்து பேரில் ஒருவர், அந்தத் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் ஒருமுறையாவது அனுபவித்திருந்தனர். துணையின் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், 49.3 வீதம், எந்த அமைப்பிடமும் உதவி கேட்கவில்லை. வெட்கம், தம்மீதே பழி வரும் என்ற பயம், யாரும் நம்பமாட்டார்கள் என்ற எண்ணம், இதெல்லாம் சாதாரணம்தானே என்ற பழக்கம் ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். உலக அளவிலும் பெண்ணுக்கு ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. 2023இல் உலகில் கொலையுண்ட ஏறத்தாழ 85,000 பெண்களிலும் சிறுமிகளிலும் 51,100 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தவரோதான் என்று ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் கணக்கிட்டது.

இதன் விளைவை அந்த வீட்டோடு முடிந்த கதையாகப் பார்ப்பது பெரிய தவறு. அடியுண்டவர் வேலைக்குப் போகமாட்டார். போனாலும் வேலையில் மனம் நிற்காது. உடைந்த கைக்குக் கட்டுப்போடுவதும், தலைக்காயத்துக்குத் தையல் போடுவதும் அரசாங்க வைத்தியசாலைகளில்தான். அந்தச் செலவு எல்லோருடைய வரிப்பணம். மிக ஆழமான சேதம் பிள்ளைகளுக்கு. தாய் அடிபடுவதைப் பார்த்து வளரும் பிள்ளை இரவில் தூங்காது, வகுப்பில் கவனம் இருக்காது, சாதாரணதரப் பரீட்சைக்கு முன்பே பாடசாலையை விட்டுவிடவும் கூடும். அப்படி வளரும் ஆண் பிள்ளைகள் பின்னாளில் கைநீட்டுவதற்கும், பெண் பிள்ளைகள் அடியைச் சகித்துக்கொள்வதற்கும் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. பிள்ளைமீதே கை விழுந்தால் அது தனிக் குற்றம். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308ஏ பிரிவின்படி பிள்ளைகளுக்குக் கொடுமை இழைப்பவருக்கு 2 முதல் 10 ஆண்டுவரை சிறை கிடைக்கலாம்.

குடியைக் காரணம் காட்டுவது வழக்கம். குடி வன்முறையை மோசமாக்கும் என்பது உண்மை. ஆனால் குடித்த மனிதன் தன் முதலாளியை அடிப்பதில்லை, வீதியில் நிற்கும் பொலிஸ்காரரை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, தட்டிக்கேட்க யாருமில்லாதவரைத்தான் அடிக்கிறான். அடிப்பதா வேண்டாமா என்று தெரிவுசெய்யும் அறிவு அந்த நேரத்திலும் அவனிடம் இருக்கிறது.

கொழும்பில் தமிழ்க் குடும்பங்களின் நிலைக்கு ஒரு தனிச் சுமை உண்டு. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி முடுக்குகளில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அடிவிழும் சத்தம் பத்து வீட்டுக்குக் கேட்கும், ஆனாலும் யாரும் தலையிடமாட்டார்கள். வெள்ளவத்தையின் தொடர்மாடிகளில் கதவைச் சாத்தினால் எதுவும் வெளியே கேட்காது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ திருமணமாகி வந்த பெண்ணுக்குத் தாய்வீடு ஓர் இரவுப் பயணத் தூரம். பக்கத்து வீட்டாரின் பெயர்கூடச் சில வேளை தெரியாது. இவற்றுக்கெல்லாம் மேலாக மொழி. நகரின் பொலிஸ் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் பெரும்பாலான வேலை சிங்களத்தில் நடக்கிறது.

உண்மையான தடுமாற்றம் பொலிஸ் நிலைய மேசையில்தான் தொடங்குகிறது. ஒரு பெண் அரை மணி நேரம் தமிழில் அழுதுகொண்டே சொல்வது, மறுபக்கத்தில் சிங்களத்தில் நான்கு வரியாகிவிடும். கணவன் மனைவி சண்டை, கணவனை எச்சரித்து அனுப்பும்படி கேட்கிறார் என்று பதிவாகும். கழுத்தை நெரித்தது, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது, போன மாதமும் இதே நடந்தது எல்லாம் விடுபட்டுப்போகும். அவர் வாசிக்கத் தெரியாத அந்தப் பதிவின் கீழே கையெழுத்திடுவார். மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் அந்த நான்கு வரிதான் அவருடைய சொல்லாக நிற்கும். அப்போது புதிதாகச் சொல்வதெல்லாம் கட்டுக்கதை என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாதிடுவார்.

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. பொலிஸ் நிலையம் அதற்கு விலக்கில்லை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்கலாம். எழுத ஆளில்லை என்றால், வீட்டிலேயே தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சிங்களத்தில் எழுதப்பட்டால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்வது அவசியம். பெண்கள், சிறுவர் பிரிவு உள்ள நிலையத்தில் அந்தப் பிரிவில் முறையிடுவது நல்லது.

முறைப்பாட்டில் விபரம்தான் பலம். எந்தத் திகதி, எத்தனை மணி, கையாலா பொருளாலா, உடலில் எந்த இடம், யார் பார்த்தார்கள், இதற்கு முன் எப்போது என்று வரிசையாக இருக்க வேண்டும். காயம் இருந்தால் தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கு இணையான சாட்சி வேறில்லை, காயமோ சில நாட்களில் ஆறிவிடும். படியில் விழுந்தேன் என்று வைத்தியரிடம் சொன்னால் அதுவே பதிவில் நிலைத்துவிடும். பல பெரிய வைத்தியசாலைகளில் இதற்கென்றே மித்துரு பியச என்னும் நட்பு நிலையங்களைச் சுகாதார அமைச்சு நடத்துகிறது. அங்கே ஆலோசனை பெறலாம்.

இந்தச் சட்டம் தரும் நிவாரணம் பாதுகாப்புக் கட்டளை. அதைப் பெறும் இடம் நீதவான் நீதிமன்றம். கொழும்பு 12இல் உள்ள புதுக்கடை, உயர் நீதிமன்றத்திலிருந்து நீதவான் நீதிமன்றம் வரை பலவும் கூடியிருக்கும் இடம். வழக்குக்கு வருவோருக்கு இந்தப் பெயரே ஒருவிதப் பயத்தைத் தரும். ஆனால் இந்த விண்ணப்பம் செய்பவர் குற்றவாளிக் கூண்டில் ஏறுவதில்லை. தமக்குப் பாதுகாப்புக் கேட்டு வந்த மனுதாரர் அவர். விண்ணப்பத்தைப் பாதிக்கப்பட்டவரே செய்யலாம், அவருக்காகப் பொலிஸ் அலுவலரும் செய்யலாம். பிள்ளைக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ பிள்ளையோடு வசிப்பவரோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை அதிகாரமளித்தவரோ விண்ணப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்திலும் விண்ணப்பிக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் அடிபட்டு, கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் தஞ்சம் புகுந்தவர், அடித்தவர் இருக்கும் ஊருக்குத் திரும்பிப்போய் வழக்கிட வேண்டியதில்லை.

ஆபத்து உடனடியானது என்று நீதவான் கருதினால், எதிராளி மன்றில் இல்லாமலேயே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். விசாரணைத் திகதி 14 நாட்களுக்குள் வர வேண்டும். விசாரணைக்குப் பின் கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதங்கள் செல்லும். வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ பாடசாலைக்கோ வரக்கூடாது, பின்தொடரக்கூடாது, தொடர்புகொள்ளக்கூடாது, உதவிய உறவினரையோ நண்பரையோ தாக்கக்கூடாது என்றெல்லாம் தடை விதிக்கலாம். பாதிக்கப்பட்டவரை நடுத்தெருவில் விடும் வகையில் குடும்ப வீட்டை விற்கவோ ஈடுவைக்கவோ கூடாது என்றும் கட்டளையிடலாம். சீதன வீட்டை அடகுவைத்துவிடுவேன் என்ற மிரட்டல் சகஜமாக உள்ள சமூகத்தில் இந்த ஒரு வரி பெரிய காவல். அவசரச் செலவுக்குப் பணம், பொலிஸ் துணையோடு உடைமைகளை எடுத்துவருதல், ஆயுதங்களைக் கைப்பற்றுதல், ஆலோசனைக்கு அனுப்புதல் ஆகியவற்றுக்கும் மன்றுக்கு அதிகாரம் உண்டு. வழக்கில் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். எனவே பெயர் பத்திரிகையில் வந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம்.

பெண்களைத் தயங்கவைக்கும் கேள்வி ஒன்றுதான்: வழக்குப் போட்டால் குடும்பம் பிரிந்துவிடுமா? பாதுகாப்புக் கட்டளை விவாகரத்து ஆகாது. திருமணம் அப்படியே இருக்கும், அடி மட்டும் நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கட்டளை பெற்ற பின் திருந்தி வாழ்பவரும் உண்டு. பிரிய விரும்பினால் அது மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்கு. பொதுச் சட்டத்தின் கீழ் கொடுமை தனியான விவாகரத்துக் காரணமாக இல்லை. கொடுமையால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று என்று, கெடுநோக்கோடு கைவிட்ட குற்றத்தின் கீழேயே அதை நிறுவ வேண்டியிருக்கிறது. முறைப்பாட்டு இலக்கமும் வைத்திய அறிக்கையும் அங்கும் கைகொடுக்கும். மனைவிக்கும் பிள்ளைகளுக்குமான ஜீவனாம்சத்தை 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்திலேயே கேட்கலாம். பிள்ளைகளால் கைவிடப்பட்ட முதியோருக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் தனி வழி உண்டு.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது வழக்கை விட்டுவிடக் காரணமாகக்கூடாது. 1978இல் இயற்றப்பட்ட சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் தலைமை அலுவலகம் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலேயே இருக்கிறது. வருமானம் குறைந்தோருக்கு அது இலவசமாக வாதாடும். வீதியில் வழிமறித்து வழக்குப் பேச வருபவரிடம் ஆவணங்களைக் கொடுக்காமல் நேரே அங்கே போவதே நல்லது. கொழும்பு நீதிமன்றங்களின் மொழி சிங்களம் என்றாலும், அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி மனுவைத் தமிழில் தாக்கல் செய்யவும், நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்கவும் உரிமை உண்டு. அந்த மொழிபெயர்ப்பு அரசின் பொறுப்பு. உறவினரை மொழிபெயர்க்க அழைத்துவர வேண்டிய தேவையில்லை, கணவன் வீட்டு உறவினரை அழைக்கவே கூடாது.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. கட்டளையை மீறுபவருக்கு ஓராண்டுவரை சிறை அல்லது 10,000 ரூபாவுக்கு மேற்படாத அபராதம், அல்லது இரண்டும். 2005இல் குறிக்கப்பட்ட அந்தத் தொகை இன்று யாருக்கும் உறைக்காது. சம்பளத்தைப் பறிப்பது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது போன்ற பொருளாதார ஒடுக்குமுறை வரைவிலக்கணத்தில் பெயர்சொல்லி இடம்பெறவில்லை. நீதிமன்றத்தால் பிரிந்து வாழ அனுமதி பெற்றிருந்தாலன்றி, மனைவியைக் கணவன் வல்லுறவுக்கு உட்படுத்துவது இன்னும் வல்லுறவுக் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. 1981இல் பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் சமவாயத்தை ஏற்ற நாட்டுக்கு இது தலைக்குனிவு. சிறு காயம் விளைவித்த வழக்குகள் மத்தியஸ்த சபைக்குப் போவதும் கவலைக்குரியது. காணிச் சண்டையைப் பேசித் தீர்ப்பதுபோல் அடியைப் பேசித் தீர்க்கச் சொன்னால், அடித்தவரும் அடிபட்டவரும் சமம் என்றாகிவிடும். பொலிஸ் நிலையத்தில் கையைப் பிடித்துச் சேர்த்துவைத்து அனுப்பும் வழக்கமும் இதே வகைதான். அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு அங்கே எவரும் பொறுப்பேற்பதில்லை.

வீட்டைவிட்டு வெளியேறும் நேரம் பெரும்பாலும் மிகவும் ஆபத்தான நேரம். அதனால் முன்னேற்பாடு வேண்டும். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மருந்துகள், கொஞ்சம் பணம் ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்துவைப்பது உதவும். போக இடமில்லாதவர்களுக்குத் தங்குமிடங்கள் உண்டு, ஆனால் தேவையைவிட மிகக் குறைவு. விமன் இன் நீட் அமைப்பு 1987 முதல் ஆலோசனையும் சட்ட உதவியும் தந்துவருகிறது.

உயிருக்கு ஆபத்து என்றால் 119க்கு அழைக்க வேண்டும். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929. பக்கத்து வீட்டில் சத்தம் கேட்பவரும் இவற்றுக்கு அழைக்கலாம்.