வாக்குப்பதிவு இயந்திரமும் பொதுப்பணமும்

தேர்தல் நாளன்று பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாக மாறுவதை மேனாம்பேட்டுச் சிறுவரும் அறிவர். அங்கே ஏழையும் செல்வரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே இயந்திரத்தின் பொத்தானை அழுத்துகின்றனர். அவ்வியந்திரத்திற்குரிய செலவை ஏற்பவர் யாவர்?

பத்தாம் நூற்றாண்டில் உத்தரமேரூரில் நிலவிய குடவோலை முறைக்கு ஓலையும் குடமுமே போதியனவாயிருந்தன. இன்றோ, பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உள்ள அரசு நிறுவனங்கள் இயந்திரங்களைச் செய்கின்றன. அவற்றைக் காத்தற்கும், சோதித்தற்கும், ஊர்தோறும் கொண்டுசெல்லுதற்கும் பெரும்பொருள் வேண்டும். மக்களவைத் தேர்தலின் செலவை நடுவணரசும், சட்டமன்றத் தேர்தலின் செலவை மாநில அரசும் ஏற்கின்றன. இரண்டும் ஒருங்கே நடப்பின், இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. அரசின் பொருளாவது மக்கள் தரும் வரியே. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் அதில் பங்கு செலுத்துகின்றான்.

வேட்பாளரே இச்செலவை ஏற்றால் என்ன? அங்ஙனமாயின், வறியவர் தேர்தலில் நிற்றல் இயலாது. பொருள் கொடுத்தவர்க்கே இயந்திரம் உரியது என்னும் ஐயமும் பிறக்கும். நீதிமன்றத்தின் துலாக்கோலுக்கு வழக்காடுவோர் விலை கொடுப்பதுண்டோ?

ஆயினும் ஒரு விலக்கு உண்டு. 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள், முடிவு வெளியான 7 நாட்களுக்குள், சட்டமன்றத் தொகுதிதோறும் 5 விழுக்காட்டு இயந்திரங்களைச் சோதிக்குமாறு வேண்டலாம். செலவு வேண்டியவரைச் சாரும். முறைகேடு காணப்படின் பணம் திரும்பக் கிடைக்கும். வீண் ஐயங்களைத் தடுத்தற்கு இது தக்க வழியே. ஆனால், அத்தொகை ஏழை வேட்பாளருக்கு எட்டாததாய் இருத்தலாகாது. தோற்றவரும் ஒப்புக்கொள்ளும் தேர்தலே நல்ல தேர்தல். அந்நம்பிக்கைக்கு ஆகும் செலவு வீண்செலவன்று.